மழையிலிருந்து நேரே மணலுக்கு

(எல்லைப்புறத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பாக ஆற்றப்பட்ட உரை)



தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பக்கமிருந்தும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது லயத்துக் கூரையைப் பற்றி, கூலியைப் பற்றி, பட்டாவைப் பற்றி, பள்ளியில் தமிழ் வாத்தியார் இல்லாததைப் பற்றி. இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு வெயிலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மலையில் இடவப்பாதி மழை பிடித்துக்கொள்ளும் காலத்தில் வெயிலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். இந்தக் காலத்தில்தான் நம் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள்.

ஏன் இந்தக் காலம்? ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. சீருடை, புத்தகம், கல்லூரிக் கட்டணம் என்று எல்லாச் செலவும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கின்றன. மழை வலுத்தால் ஏலக்காட்டில் வேலைநாள் குறைகிறது. காய் எடுப்பு சூடுபிடிக்க இன்னும் நாள் இருக்கிறது. வட்டிக்காரர் மட்டும் மழை வெயில் பார்ப்பதில்லை. இந்த நெருக்கடியில், ‘விசா வந்துவிட்டது, பத்து நாளில் புறப்படு’ என்று ஏஜென்டிடமிருந்து செய்தி வருகிறது. விசாவுக்குக் கெடு உண்டு, விட்டால் போய்விடும் என்ற பயம் வேறு. மூணாற்றுச் சாரலில், பகலிலும் இருபது இருபத்திரண்டு டிகிரியில் நின்றவன், கொச்சியில் ஏறி நாலைந்து மணி நேரத்தில் ரியாத்திலோ துபாயிலோ தோகாவிலோ குவைத்திலோ இறங்குகிறான். ஜூலையில் குவைத்தில் பகல் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்நாட்டின் மித்ரிபா என்னும் இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானதை உலக வானிலை அமைப்பே சரிபார்த்து ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்தில் பம்பாய்க்கு ரயிலேறி, அங்கே விசாவுக்காகக் காத்துக் கிடந்து, கப்பலில் போனவர்களுக்கு வழியிலேயே உடம்பு கொஞ்சம் பழகிக்கொண்டது. இன்று அந்த இடைவெளியும் இல்லை.

நம் பாட்டன்மார் கதை இதற்கு நேர் எதிர். 1877-இல் பூஞ்சார் அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் வெள்ளைக்காரர் கைக்குப் போயின. அதன் பிறகு கங்காணிமார்கள் கம்பம், போடி, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆள் திரட்டி மலையேற்றினார்கள். வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்புகள் குளிரிலும் மலைக்காய்ச்சலிலும் மடிந்தன. இன்று அவர்களுடைய பேரன்மார், குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள், பாலைவனத்துக்கு இறங்கிப் போகிறார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது திறந்த வாசல் அது. 2000-ஐ ஒட்டிப் பீருமேட்டில் தோட்டங்கள் கதவை மூடியபோது நம்மில் பலருக்கு வேறு வாசலே இல்லாமல் போனது. போகாதீர்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சொன்னாலும் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. ஆனால் ஒரு வேற்றுமையைப் பாருங்கள். அன்று கங்காணி முன்பணம் கொடுத்து நம்மைக் கட்டிப்போட்டான். இன்று நாமே கடன் வாங்கி முன்பணம் கொடுத்து நம்மைக் கட்டிக்கொள்கிறோம். இந்தக் கடனுக்கும் அந்த வெயிலுக்கும் உள்ள தொடர்பைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் உடம்பின் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். மனித உடம்பு வெயிலுக்குப் பழகக்கூடியது. பழகினால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதிகமாகவும் சுரக்கும். அந்த வியர்வையில் உப்பு குறைவாக வெளியேறும். இரத்தத்தில் நீரின் அளவு கூடும். அதே வேலைக்கு இதயம் முன்னைவிட நிதானமாகத் துடிக்கும். இந்த மாற்றம் வீரத்தால் வருவதில்லை, வைராக்கியத்தாலும் வருவதில்லை. வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வரும். அதுவரை இருபது வயது பயில்வானானாலும் அவன் உடம்பு பழகாத உடம்புதான். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, வேலையிடத்தில் வெப்பத்தால் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே இறந்தவர்கள். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் முதல் வாரத்துக்குள். அங்கேயே இந்த நிலை என்றால், ஓய்வு கேட்டால் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று மிரட்டும் இடங்களில் என்ன நிலை என்று எண்ணிப் பாருங்கள்.

இதனால்தான் அந்த நாட்டின் தொழில்நல ஆய்வு நிலையம் ஒரு படிக்கட்டு முறை சொல்லியிருக்கிறது. புதிதாக வந்தவனை முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயிலில் வேலை வாங்க வேண்டும். பிறகு நாளொன்றுக்கு ஒரு பங்கு கூட்டி, ஐந்தாம் நாள் முழு நேரத்துக்கு வரவேண்டும். முன்பே பழகி, விடுமுறைக்குப் பின் திரும்பியவனை முதல் நாள் பாதி நேரத்தில் தொடங்கி நான்கு நாளில் முழு நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டாவது விதியை நன்றாக மனத்தில் வையுங்கள். ‘எனக்குப் பத்து வருஷ அனுபவம், எனக்கென்ன வெயில்’ என்று மார்தட்டுகிற அண்ணன்மார் பலர் நம்மிடையே உண்டு. பழகிய உடம்பு ஒரு வாரம் வெயில் படாமல் இருந்தாலே பழக்கத்தை இழக்கத் தொடங்கும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். இரண்டு மாத விடுமுறையில் மாங்குளத்திலோ வட்டவடையிலோ கம்பளி போர்த்திப் படுத்துவிட்டு ஜூலையில் திரும்புகிறவன் புது ஆள்தான். பத்து வருஷ அனுபவம் தொழிலில் இருக்கும், வியர்வைச் சுரப்பியில் இருக்காது.

இங்கே பாலக்காட்டுத் தோழர்களுக்கும் இடுக்கித் தோழர்களுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் மார்ச், ஏப்ரல் வெயில் என்னவென்று தெரியும். கேரளத் தொழில்துறை கோடைதோறும் ஆணை போட்டு, பகல் 12 முதல் 3 வரை வெயில் வேலையை நிறுத்தச் சொல்வதும் அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதே ஆணையில் கடல்மட்டத்துக்கு 3000 அடிக்கு மேற்பட்ட இடங்களுக்கு விலக்கு உண்டு, அங்கே வெயில் தாக்காது என்று. சரியான விலக்குதான். ஆனால் அதன் விளைவு என்ன? மூணாறு, தேவிகுளத்துப் பிள்ளைகள் ‘வெயிலுக்காக வேலையை நிறுத்தலாம்’ என்ற ஒரு சட்டம் இருப்பதையே அறியாமல் வளர்கிறார்கள். பாலைவனத்தில் போய் நிற்கும்போது, நிழலுக்குப் போவது சோம்பேறித்தனம் என்றே நினைக்கிறார்கள்.

அங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. அமீரகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹம் வீதம் 50,000 வரை அபராதம். சவூதியில் அதே மூன்று மாதம், 12 முதல் 3 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, காலை 11 முதல் மாலை 4 வரை. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கிச் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் 3.30 வரை. கத்தார் விதியில் இன்னொன்றும் உண்டு. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் வெயிலின் உறைப்பையும் சேர்த்து அளக்கும் கருவியில் 32.1 டிகிரியைத் தாண்டினால், மணி என்னவானாலும் வேலை நிற்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நினைத்தால் தொழிலாளியே வேலையை நிறுத்திப் புகார் செய்யலாம்.

இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் சட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறது, உடம்பைப் பார்ப்பதில்லை. காலை ஒன்பது மணிக்கே துபாயிலும் தம்மாமிலும் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாமல் வழிந்து ஓடும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வழிந்து ஓடினால் நீர் போனதுதான் மிச்சம். ரியாத்தில் இதற்கு மாறாக வறட்டுச் சூடு. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் போனது என்பதே தெரியாது. சட்டையில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு நாள் முன்பு மலையிலிருந்து வந்த பையனுக்கும் இரண்டு வருஷமாக அங்கேயே கம்பி கட்டுகிறவனுக்கும் ஒரே இடைவேளை என்பது ஒரே அளவுச் செருப்பு கொடுத்ததைப் போல. மதிய இடைவேளையிலும் நிழலும் குளிர்ந்த நீரும் இல்லாமல், அரைகுறைச் சுவரோரம் மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்து, அந்த நேரத்தை இரவு வேலையில் ஈடுகட்டச் சொன்ன இடங்களைப் பற்றித் திரும்பி வந்த தோழர்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இரவு தூக்கத்தில்தான் உடம்பு பகல் சூட்டிலிருந்து மீள வேண்டும். நெரிசலான அறை அதையும் கெடுக்கிறது. அந்த நெரிசல் வேறு விதமாகவும் கொல்லும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்த விமானப்படை விமானம் 14-ஆம் தேதி கொச்சியில் இறங்கியது. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டார்.

வெயிலில் போகிறவர்களின் கணக்கோ அப்படி ஒரே நாளில் தெரியாது. நேபாளத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு மருத்துவ ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த 1,300-க்கும் மேற்பட்ட நேபாளிகளில் 571 பேரின் மரணம் இதயநோய் என்று பதிவாகியிருந்தது. சூடு ஏறிய மாதங்களில் அந்த மரணங்களும் ஏறின. வெப்பத்திலிருந்து சரியாகக் காத்திருந்தால் அந்த 571 பேரில் 200 பேர் வரை பிழைத்திருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள். இளவயதுக்காரர்கள், தோழர்களே! ஊரில் மலையேறி விறகு சுமந்தவர்கள். சான்றிதழில் ‘இதயம் நின்றது’, ‘இயற்கை மரணம்’ என்று எழுதப்படும். யாருக்குத்தான் இதயம் நிற்காமல் மரணம் வருகிறது? இந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே தொங்குகிறது. நம் அரசின் பிரவாசி பாரதீய பீமா திட்டம், குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு தருகிறது. ஆனால் அது விபத்தால் நேரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். இயற்கை மரணம் என்று எழுதிவிட்டால் அந்தப் பத்து லட்சம் கைக்கு எட்டாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

இப்போது கடனுக்கு வருவோம். முதல் வாரம் மெதுவாக வேலை செய் என்று டாக்டர் சொல்வார், சங்கம் சொல்லும். மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிப் போனவனால் முடியுமா? முதல் நாளே ஓவர்டைம் கேட்கிறான். கழிப்பறை தூரம், நேரம் போகும், போர்மேன் முறைப்பான் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறான். தலை சுற்றினாலும் சொல்வதில்லை. அவனை வேலை வாங்க கங்காணி பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. கடனே கங்காணியாக நிற்கிறது. ஆகவே கடனைக் குறைப்பதே வெயிலுக்கு முதல் மருந்து என்கிறோம். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது தரமாட்டார், அதிலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும். கேரள அரசின் ஒடெபெக் 1977-இலும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலும் தொடங்கப்பட்டவை. அங்கே கேட்டுப் பார்க்காமலே நம்மவர்கள் தேநீர்க்கடை ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பாதீர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் அந்த வழியில் போனால் குடிபெயர்வு அனுமதியும் இல்லை, அந்தக் காப்பீடும் இல்லை.

இந்தப் போராட்டத்தை ஏன் இங்கேயே நடத்தச் சொல்கிறோம்? 2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் நம் பெண்கள் உட்கார்ந்தார்கள், போனஸ் வந்தது. சவூதியிலும் அமீரகத்திலும் கத்தாரிலும் வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் வைக்க முடியாது. அங்கே சாலையில் உட்கார்ந்தால் அடுத்த விமானம்தான். பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன் இங்கே பேச வேண்டும். ‘முதல் இரண்டு வாரம் படிப்படியாக வேலை, முழுக்கூலி’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்காது. இருந்தாலும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே தோட்டத்திலிருந்து போகும் இருபது பேரும் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். விசாவின் கெடு எத்தனை நாள் என்று எழுத்தில் பார்த்து, முடிந்தால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏஜென்ட் சொல்லும் கெடு பெரும்பாலும் அவருடைய கமிஷனின் கெடு.

தள்ள முடியாதவர்கள் இரண்டு வாரம் முன்னதாக மலையை விட்டு இறங்குங்கள். மதுரை, திண்டுக்கல் பக்கம் உறவுக்காரர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. அங்கே தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெயிலில் கைவேலை செய்யட்டும். மாமன் வீட்டு வரப்பை வெட்டினாலும் சரி. பாலைவனத்துக்கு அது முழுப் பழக்கம் ஆகாது, ஆனாலும் உடம்பு பாதி வழி வந்துவிடும். வளைகுடா மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டோமே என்று நினைக்காதீர்கள். காசநோய் இருக்கிறதா, மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி என்றெல்லாம் பார்க்கிறார்கள். எந்த ஊரிலிருந்து எந்த வெயிலுக்கு வருகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படுமுன் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரை அதிகம் போக்கும் மாத்திரை அங்கே ஆபத்தாகலாம். தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

அங்கே போனபின், தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் கால் மணிக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஒரேயடியாகச் செம்பு செம்பாகக் கவிழ்ப்பதும் கெடுதல். வேளைக்குச் சாப்பிட்டால் உப்பு அதிலேயே சேரும். நீராகாரம், உப்புப் போட்ட மோர் நம் பழைய வைத்தியம், அதைவிட நல்லது இல்லை. சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனால் உடம்பு காய்ந்துவிட்டது என்று பொருள். வருஷக்கணக்கில் இப்படிக் காய்ந்த சிறுநீரகம் பிறகு தேறாது. வேலையிட வெப்பத்தால் உலகில் 2 கோடியே 62 லட்சம் பேர் நாட்பட்ட சிறுநீரக நோயோடு வாழ்வதாக உலகத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் கணக்குச் சொன்னது.

கூட வேலை செய்கிறவன் தள்ளாடினால், பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், குடித்திருக்கிறான் என்று ஒதுங்காதீர்கள். அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்யும்போது வருவதில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். நிழலுக்குத் தூக்கிப் போய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மயங்கியவன் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களைப் பற்றி எந்த மதிய இடைவேளைச் சட்டமும் பேசவில்லை. சட்டம் திறந்தவெளியைப் பார்க்கிறது. மூடிய சமையலறையில் நாலு அடுப்பின் நடுவே நிற்பவள் அதன் கண்ணில் படவில்லை. ரமலான் கோடையில் விழும் ஆண்டுகளில் அந்த அடுப்பு நள்ளிரவு தாண்டியும் எரியும். இதை நம் கோரிக்கைகளில் சேர்த்திருக்கிறோம்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு வாரம் போனில் பணம் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் அவனுக்கு அது தெரியும். தண்ணீர் குடித்தாயா, தூங்கினாயா, தலைவலி இருக்கிறதா என்று கேளுங்கள். வட்டிக்காரரிடம் இரண்டு மாதத் தவணையைப் புறப்படுமுன்பே பேசி வாங்குங்கள். தேவையென்றால் சங்கத் தோழர்கள் உடன் வருவார்கள்.

புறப்படுவோருக்கான பயிற்சியை மூணாறிலும் வண்டிப்பெரியாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழிலேயே நடத்த வேண்டும் என்று நோர்க்காவுக்கும் தொழில்துறைக்கும் மனு கொடுக்கிறோம். வெளியே மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் இன்னொரு தாளும் எழுதிக் கொடுக்க வேண்டும்: கம்பெனியின் பெயர், கேம்ப் இருக்கும் இடம், விசாவின் கெடு, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரி கேரளமா தமிழ்நாடா, அறையில் உடன் தங்கும் ஒருவரின் போன் எண். கடைசியாகச் சொன்ன எண் இங்கிருக்கும்போது தெரியாது. போய்ச் சேர்ந்த அன்றே வீட்டுக்குச் சொல்லுங்கள், வீட்டார் கிளை அலுவலகத்தில் வந்து எழுதிவிடட்டும்.